விளிம்பில் வேகம் குறையாத விண்மீன்கள்

அன்புள்ள செந்தில்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "பையன் என்ன சொல்றான்?" என்று கேட்டார். "என் வேலைய எடுத்துச் செய்யப் போறானாம்" என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எழுந்து போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். முந்தின நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது.

உன் பேராசிரியர் இரண்டு ஆய்வுப் பொருள்களைச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றாய். ஒன்று, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் துகளை நிலத்துக்கடியில் கருவி வைத்துத் தேடுவது. மற்றது, அப்படி ஒரு பொருளே கிடையாது, ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டும் என்ற கோட்பாட்டைச் சோதித்துப் பார்ப்பது. "உன்னோடதையே எடுத்துக்கறேம்மா" என்று நீ சொன்னபோது, எனக்குப் பிறந்தநாள் புடவை வாங்கி வந்தவன் போலக் குரலில் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு எதிரில் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த இயற்பியலையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். உன் அப்பா படித்துப் பார்க்காமல் இதைத் தபாலில் சேர்க்க மாட்டார். அவருக்கும் புரிய வேண்டும்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் உனக்கு ஆறு வயது. காவிரித் தண்ணீரை முன்னிட்டு ஊரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டிருந்தது. நாம் அப்போது அல்சூரில், ஏரிக்கு இந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். பீன்யாவில் உன் அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் கடைக்காரர்கள் தமிழில் எழுதியிருந்த பலகைகளைத் தாங்களே கழற்றி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மத்தியானம் கேசவ் அங்கிள் தன் பழைய ஃபியட் காரில் வந்து நம் வாசலில் இறங்கினார். அவரும் நானும் ஒரே ஆய்வு நிலையத்தில், எதிரெதிர் அறைகளில் வேலை செய்தோம். நான் ரேடியோ தொலைநோக்கியின் அளவீடுகளை வைத்து விண்மீன் மண்டலங்கள் எப்படிச் சுழல்கின்றன என்று பார்ப்பேன். அவர் அதே மண்டலங்களைக் கம்ப்யூட்டருக்குள் உருவாக்கிப் பார்ப்பார். மல்லேஸ்வரத்துக்காரர்; மதராஸில் படித்ததால் கன்னட வாடையோடு தமிழ் பேசுவார். அவரை விட நான் வயதில் சின்னவள், பதவியிலும் சின்னவள். ஆனாலும் கிண்டலாக என்னை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார்.

"மேடம், ரெண்டு செட் துணி எடுத்துக்கங்க. அடங்குற வரைக்கும் நம்ம மனேல இருக்கலாம்" என்றார். உன் அப்பா தயங்கினார். "உங்களுக்கு எதுக்கு சார் கஷ்டம்?" என்று கேட்டதற்கு, "கஷ்டம் எனக்கில்ல, சாரதாவுக்கு. சமைக்கிறது அவதானே" என்று சொல்லிக்கொண்டே உன்னைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தார். வழியில் யாரும் தமிழ் பேசக்கூடாது என்று அப்பா சொன்னதும் நீ கேட்டாய், "அப்ப அம்மாவ எப்படிக் கூப்பிடறது?" கேசவ் அங்கிள் திரும்பிப் பார்த்து, "அம்மான்னே கூப்பிடு. ரெண்டு பாஷைலயும் அது ஒண்ணுதான்" என்றார். வழி நெடுக நீ அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாய். ஓரிடத்தில் ஒரு லாரி எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டியும் "அம்மா" என்றுதான் சொன்னாய்.

அவர்கள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் வெளியே போக முடியாது. வானொலி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது. சாரதா ஆன்ட்டி சோறும், ரசம் மாதிரி அவர் வைக்கும் சாறும் போட்டுவிட்டுப் பாத்திரங்களை எடுத்த பிறகு, அதே சாப்பாட்டு மேசையில் நான் துணியோடு சேர்த்து எடுத்து வந்திருந்த வரைபடங்களை விரித்தேன். சூரியனுக்கு அருகே இருக்கும் கோள் வேகமாகச் சுற்றும், தொலைவில் இருப்பது மெதுவாகச் சுற்றும். மையத்தை விட்டு விலக விலக இழுப்பு குறைவதுதான் காரணம். விண்மீன் மண்டலத்திலும் ஒளி பெரும்பாலும் நடுவில்தான் குவிந்திருக்கிறது. ஆகவே விளிம்பில் இருப்பவை மெதுவாகத்தான் ஓட வேண்டும். அவை அப்படி ஓடுவதில்லை. என் வரைபடங்கள் எல்லாவற்றிலும் வேகக்கோடு கீழே இறங்காமல் மேசை போலத் தட்டையாகப் போயிற்று. அந்த வேகத்துக்கு அவை எப்போதோ பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. நமக்குத் தெரியாத பொருள் சுற்றிலும் ஏராளமாக இருந்து இழுக்கிறது என்பது ஒரு விடை. எல்லோரும் ஏற்றுக்கொண்ட விடை அதுதான்.

இன்னொரு விடையை எண்பதுகளிலேயே வெளிநாட்டில் ஒருவர் சொல்லியிருந்தார். அதைப் படித்தவர்கள் குறைவு, மதித்தவர்கள் அதிலும் குறைவு. இழுப்பு மிக மிக மெலிந்துவிட்ட இடத்தில், பூமி நம்மை இழுப்பதில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்ட இடத்தில், நாம் பள்ளியில் படித்த விதி பொருந்தாது, அங்கே ஈர்ப்பு அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை என்றார் அவர். நான் விளையாட்டுப் போல அந்தச் சூத்திரத்தை என் மண்டலங்களில் போட்டுப் பார்த்திருந்தேன். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களையும் வாயுவையும் மட்டும் கணக்கில் எடுத்தேன். கோடு பொருந்தியது. அடுத்ததற்கும் பொருந்தியது. கேசவ் அங்கிள் ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சும்மா சொல்லக்கூடாது, அழகா இருக்கு" என்றார். பிறகு, "ஆனா ஆகல்ல மேடம், சரிப்படாது. ஒரு மண்டலத்துக்கு ஓகே. நூத்துக்கணக்கான மண்டலங்கள் கூட்டமா இருக்கற இடத்துல உங்க சூத்திரம் பாதிதான் இழுக்கும். மீதிய யார் இழுப்பா? உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார். உள்ளே சாரதா ஆன்ட்டி சிரித்தது கேட்டது. வெளியே எங்கேயோ கூட்டம் கத்திக்கொண்டு போனது. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் நானும் சிரித்தேன்.

ஊர் அடங்கியதும் நாம் அல்சூருக்குத் திரும்பினோம். நான் அந்த வேலையை விடவில்லை. முதல் கட்டுரையில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேசவ் அங்கிள் சொல்லிவிட்டார். அவருக்கு அதில் நம்பிக்கையில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வரியையும் படித்துப் பிழை பார்த்துக் கொடுத்தார். அது வெளியானதும் நிலையத்தில் ஒரு மாற்றம் வந்தது. யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. எதிர்த்து வாதாடியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் கருத்தரங்கு நாளில் அறையில் முன்வரிசை காலியாக இருக்கும். டீ குடிக்கும் இடத்தில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறும். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் பதவியில் மேலே போன பிறகும் நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். "கெட்டிக்காரப் பொம்பள, எங்கயோ வழி தவறிட்டா" என்று ஒரு மூத்தவர் சொன்னது என் காதுக்கு வந்தது. அந்தச் சொல்லில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் என்னை மிகவும் வருத்தியது.

உன் அப்பா ஆரம்பத்தில் தினமும் கேட்பார், "இன்னிக்கு என்ன ஆச்சு?" நானும் சொல்வேன். பீன்யாவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர், சட்டையில் இயந்திர எண்ணெய் வாடையோடு உட்கார்ந்து, விண்மீன்களைப் பற்றிக் கேட்டுக்கொள்வார். ஒரு தடவை, "இல்லாதத இருக்குன்னு சொல்றவங்க ஒரு பக்கம், இருக்கறதத் தப்புன்னு சொல்ற நீ ஒரு பக்கம். எங்க பாக்டரில ரெண்டு பேரையும் சேத்துக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு மெல்ல மெல்லக் கேட்பதை நிறுத்திக்கொண்டார். சலித்துப்போய் அல்ல. கேட்டால் என் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். செந்தில், ஆராய்ச்சி தோற்றால் பதவி போகும், பெயர் போகும் என்றெல்லாம் உனக்குச் சொல்வார்கள். வீட்டில் ஒரு கேள்வி கேட்கப்படாமல் போகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நீ எட்டாவது படிக்கும்போது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வகுப்பில் ஈர்ப்பு விதி நடத்திய அன்று நீ எழுந்து நின்று, "இது எல்லா இடத்துலயும் சரியில்ல மிஸ், எங்கம்மா சொன்னாங்க" என்றாயாம். உன்னை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த ஆசிரியை நல்லவர்தான். "மேடம், நீங்க வீட்ல என்ன வேணா பேசிக்கங்க. எக்ஸாம்ல இவன் இப்படி எழுதினா மார்க் போயிடும்" என்றார். நான் உன்னை அருகே நிறுத்தி, "புத்தகத்துல இருக்கறதுதான் சரி, அப்படியே எழுது" என்று சொன்னேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "அப்ப நீ பொய் சொல்றியா, இல்ல புக்கு பொய் சொல்லுதா?" என்று கேட்டாய். ரெண்டும் இல்லை, இன்னும் யாருக்கும் தெரியாது என்றேன். உனக்கு அது பதிலாகப் படவில்லை. இப்போது நீ போனில் பேசிய பேச்சில் அந்த எட்டாம் வகுப்புப் பையனின் கோபம் கொஞ்சம் இருந்தது. அன்று அம்மாவுக்காக வாசலில் நின்றவன், இன்றும் அம்மாவுக்காகவே நிற்கப் பார்க்கிறான் என்று தோன்றியது.

சந்தோஷமே இல்லாமல் போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது முழு உண்மை ஆகாது. மிக மங்கலான மண்டலங்கள் சில உண்டு. விண்மீன்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் சிதறிக் கிடப்பதால் அவற்றில் எங்குமே இழுப்பு மெலிவுதான். அந்தச் சூத்திரம் சரியென்றால் அவற்றில் விளிம்பில் மட்டுமல்ல, நடுவிலிருந்தே விலகல் பெரிதாகத் தெரிய வேண்டும். யாரும் அளக்காத காலத்திலேயே அந்தக் கோட்பாடு அப்படிச் சொல்லியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அளவீடுகள் வந்தன. ஒரு மங்கல் மண்டலத்தின் ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு, வேகம் எப்படி இருக்கும் என்று நான் முன்கூட்டியே கோடு போட்டு வைத்திருந்தேன். உண்மையான வேகப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்தேன். கோட்டை விட்டு ஒன்றும் விலகவில்லை. நான் எதிர் அறைக்கு ஓடினேன். கேசவ் அங்கிள் நெடுநேரம் பார்த்தார். "கரும்பொருள வெச்சு இத நான் முன்னாடியே சொல்லியிருக்க முடியாது" என்றார். எதிராளி வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது எவ்வளவு அபூர்வம் என்று இப்போது உனக்குப் புரியும். அவரே கேண்டீனுக்கு அழைத்துப் போய் எனக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு நான் பல வருடங்களை ஓட்டிவிட்டேன்.

என்னிடம் ஆய்வு செய்த மாலதி அக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ் மாறி மாறி வருவாள். தீபாவளிக்கு உனக்குப் பட்டாசு வாங்கி வருவாள். அவளுக்குக் கேசவ் அங்கிளிடமும் இடம் இருந்தது. என்னிடம்தான் சேருவேன் என்று நின்றாள். "இந்த வேலைல பேர் கிடைக்காதும்மா, வேற யோசி" என்று நான் சொன்னபோது, "பேருக்கா மேடம் நான் ஆனேக்கல்லருந்து வரேன்?" என்று கேட்டாள். அவளைப் போலக் கணக்குப் போட்டவர்களை நான் பார்த்ததில்லை. ஆய்வேட்டை முடித்தாள். வெளிநாட்டுத் தேர்வாளர் ஒருவர் அதை நெடுங்காலம் கையில் வைத்திருந்துவிட்டு, கணிதம் சிறப்பு, பொருள் பயனற்றது என்று எழுதினார். பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் விண்ணப்பித்த இடம் ஒன்றிலிருந்தும் அழைப்பு வரவில்லை. ஊர் முழுக்கச் சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து நின்றாள். "சேந்துட்டேன் மேடம்" என்றாள்.

இரண்டு வருடம் கழித்து அவள் வீட்டுக்கு நானும் அப்பாவும் போயிருந்தோம். நல்ல வீடு, நல்ல புருஷன், கையில் குழந்தை. அவள் வாழ்க்கை கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு ஒரு புதிய அளவீடு வந்திருந்தது, அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "வேணாம் மேடம்" என்றாள் மெதுவாக. "அதப் பத்தி மட்டும் பேச வேணாம். காபில சக்கர போதுமா?" என்று கேட்டாள். குழந்தை அவள் மடியிலிருந்து நழுவி நழுவிக் கீழே இறங்கப் பார்த்தது. நான் போதும் என்றேன். உண்மையில் அவள் அதில் சர்க்கரையே போடவில்லை.

இரண்டாயிரத்தாறில் அந்த விண்வெளிப் படம் வந்தது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். கேசவ் அங்கிளுக்கு அதற்குள் உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. கார் ஓட்டுவதை விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தார். மத்தியானச் சாப்பாடு முடித்து நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். "நாளைக்கு நிலையத்துல எல்லாரும் பாத்துருவாங்க. அதுக்கு முன்னாடி நீங்க பாக்கணும். வேற யாராவது சொல்லி நீங்க கேக்க வேணாம்" என்று சொல்லி அச்செடுத்த தாளை என் கையில் கொடுத்தார்.

இரண்டு பெரிய மண்டலக் கூட்டங்கள் ஒன்றோடொன்று மோதி ஒன்றையொன்று ஊடுருவிப் போன படம் அது. மோதலில் அவற்றின் சூடான வாயு ஒன்றில் ஒன்று சிக்கி நடுவில் பின்தங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் பொருளில் பெரும்பங்கு அந்த வாயுதான். மண்டலங்கள் மட்டும் இடித்துக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் முன்னே போய்விட்டன. பின்னால் இருந்து வரும் ஒளி எங்கே வளைகிறது என்று பார்த்து, ஈர்ப்பு எங்கே அதிகம் என்று அளந்திருந்தார்கள். வாயு இருந்த நடுவில் அது அதிகமில்லை. இரண்டு பக்கமும் அதிகமாக இருந்தது. பொருள் ஓரிடத்தில் இருக்க, இழுப்பு வேறிடத்தில். விதியை எப்படித் திருத்தினாலும், பொருள் இல்லாத இடத்திலிருந்து இழுக்க வைப்பது கடினம். கண்ணில் படாத ஒன்று வாயுவில் சிக்காமல் மண்டலங்களோடு கூடவே போயிருக்கிறது என்று சொன்னால் எல்லாம் எளிதாகப் பொருந்தும்.

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே பிழை இருக்கலாம் என்று தேடினேன். கேசவ் அங்கிளே, "அளவீட்டுல தப்பு இருக்கான்னு நானும் பாத்தேன். தெரியல" என்றார். அவர் முகத்தில் வெற்றி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சேதி கொண்டுவந்தவர் போல உட்கார்ந்திருந்தார். உன் அப்பாதான் கேட்டார், "அப்ப முடிஞ்சுதா சார்?" கேசவ் அங்கிள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "இல்ல. தனித்தனி மண்டலத்துல மேடத்தோட சூத்திரம் ஏன் இவ்வளவு நல்லா பொருந்துதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா இனிமே யாரும் கேக்க மாட்டாங்க." அவர் சொன்னதுதான் நடந்தது.

அடுத்த வாரம் எனக்கு ஏற்கெனவே கருத்தரங்கு வைத்திருந்தார்கள். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அறை நிறைந்திருந்தது. எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் முதலிலேயே அந்தப் படத்தைத் திரையில் போட்டேன். "இதை என்னால் விளக்க முடியவில்லை" என்றேன். பிறகு மங்கலான மண்டலங்களின் கோடுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். "இதை உங்களால் விளக்க முடிகிறதா?" என்று கேட்டேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். சண்டை போட ஆயத்தமாகப் போயிருந்தேன். சண்டைக்கு ஆள் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் துணி துவைத்தேன். வாஷிங் மெஷின் இருந்தது, இருந்தாலும் கையால் துவைத்தேன்.

கேசவ் அங்கிளின் கடைசி மாதங்களில் நீ அமெரிக்காவுக்குப் போய்விட்டிருந்தாய். சனிக்கிழமைகளில் நான் மல்லேஸ்வரத்துக்குப் போய் அவர் அருகே உட்கார்ந்திருப்பேன். நிலத்துக்கடியில் வைத்த கருவிகளில் ஏதாவது துகள் சிக்கியதா என்று கேட்பார். இல்லை என்பேன். இந்த வருடமும் இல்லை, போன வருடமும் இல்லை. "எவ்வளவு தேடறாங்க, ஒண்ணும் மாட்டலயே" என்று கூரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "நீங்க தோத்தீங்க, சரி. ஆனா நான் ஜெயிச்ச மாதிரியும் இல்லையே மேடம்" என்றார். நான் அவருக்கு ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். எங்கள் இருவருக்கும் இடையில் அந்த மாதிரிப் பேச்சு எப்போதும் இருந்ததில்லை.

இவ்வளவும் சொன்னது உன்னைப் பயமுறுத்துவதற்காக அல்ல. அந்த ஆய்வை நீ எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது மூடிப்போன கதவு என்று நினைத்தால் நானே இன்னும் காலையில் எழுந்து அந்த வரைபடங்களைப் பார்க்க மாட்டேன். ஆனால் எனக்காக எடுக்காதே. என் பெயரைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்ற ஆசையோடு ஒரு அளவீட்டைப் பார்த்தால், அந்த அளவீடு உனக்கு உண்மையைச் சொல்லாது. நீ கேட்க விரும்புவதைத்தான் சொல்லும். நாளைக்கு வானத்திலிருந்து என்ன வந்தால் இதை விட்டுவிடுவாய் என்று இன்றைக்கே உனக்குள் சொல்லிக்கொள்ள முடிந்தால் எடு. அப்படி ஒன்று வந்த அன்று, கேசவ் அங்கிளைப் போல ஒருவர் ஆட்டோ பிடித்து வந்து முதலில் உன்னிடம் காட்டுவாரா என்றும் பார்த்துக்கொள். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் இந்த வேலையைச் செய்யாதே. உன்னோடு ஒத்துப்போகிறவர்கள் நடுவில் மட்டும் உட்கார்ந்துகொண்டும் செய்யாதே. கூட வாழ வருகிறவளிடம் முதலிலேயே சொல்லிவிடு. அவள் உன் முகத்தைப் பார்த்துக் கேள்வியை விழுங்க ஆரம்பித்தால், நீயாகப் பேச ஆரம்பி. நான் அதைச் செய்யவில்லை. உன் அப்பா இன்றைக்கும் மழை பெய்த செடிக்குத் தண்ணீர் விடுகிறார்.

போன மாதம் கேசவ் அங்கிளுக்கு நிலையத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அவரோடு நீண்ட காலம் சண்டை போட்டவள் என்று அறிமுகம் செய்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனதையும், அந்தச் சாப்பாட்டு மேசையையும் சொன்னேன். பேசி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "மேடம், கடைசில உங்க ரெண்டு பேர்ல யார் சரி?" என்று கேட்டான். "எனக்குத் தெரியாது" என்றேன். பெரியவர்கள் அடக்கத்தோடு அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தார்கள் போல. மறுபடியும் சிரித்துக் கைதட்டினார்கள். அது அடக்கம் இல்லை. வாழ்நாள் முழுவதும் ஒரே கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வயதான பிறகு எழுந்து நின்று அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது.

முன்வரிசையில் சாரதா ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கைதட்டவில்லை, சிரிக்கவுமில்லை. கூட்டம் கலைந்ததும் நான் போய் அவர் அருகே நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிடியைத் தளர்த்தாமல், கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார்: "அவரிகூ கொத்திரலில்ல."

அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நாங்கள் இருவரும் அப்படியே கையைப் பிடித்தபடி படியிறங்கினோம்.

உன் அம்மா